அபான் பேர்ல்: மூழ்கிய ரிக், பிழைத்த 95 பேர்

ஆஃப்ஷோர் வேலையைப் பற்றி ஒரு எபிசோட் போடுங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நம்ம ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஃபிட்டர், வெல்டர், ரிக்கர்னு ஐடிஐ முடிச்சவங்க இருக்கிற தெருவுல எல்லாம், "ஆஃப்ஷோர் போயிட்டா செட்டில் ஆயிடலாம்"ங்கிற பேச்சு எப்பவும் ஓடிட்டே இருக்கும். சம்பளம் எவ்வளவு, ஏஜென்ட் யாருங்கிறது பத்தி பேச யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. இந்த எபிசோட்ல நாம பேசப் போறது ஏறி நிற்கப் போற அந்த இரும்புத் தீவைப் பற்றி. அது எப்படி மிதக்குது, எப்படி மூழ்குது, மூழ்கும்போது உள்ளே இருக்கிறவங்க எப்படித் தப்பிக்கிறாங்க.

அதுக்கு நான் எடுத்துக்கிட்ட கதை அபான் பேர்ல். சென்னை கம்பெனி ஒன்றின் ரிக். 2010 மே 13 அதிகாலை, இங்கிருந்து பாதி உலகம் தாண்டி, வெனிசுவேலா நாட்டுக் கடலில் மூழ்கியது. அதில் 95 பேர் இருந்தார்கள். 95 பேரும் பிழைத்தார்கள்.

இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டினால் அந்த எண் எவ்வளவு அபூர்வம்னு தெரியும். கடைசியில் அந்த இடத்துக்கு வருவோம். முதல்ல அடிப்படை.

ரிக் மூன்று வகை

பழைய ஒரு ரூபாய் நோட்டு வீட்டுல இருந்தா எடுத்துத் திருப்பிப் பாருங்க. கடல் நடுவே கால் ஊன்றி நிற்கிற ஒரு மேடை இருக்கும். அதன் பெயர் சாகர் சாம்ராட். 1973-ல் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் கட்டிக்கொடுத்தது, ஓஎன்ஜிசிக்குச் சொந்தம். 1974 பிப்ரவரியில் பாம்பே ஹையில் எண்ணெய் கண்டுபிடித்தது இந்த ரிக்தான். அரபு நாடுகளின் தடையால் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஏறியிருந்த நேரம் அது. ரூபாய் நோட்டில் இடம் கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை.

சாகர் சாம்ராட் 'ஜாக்-அப்' வகை. மிதந்துகொண்டே இடத்துக்குப் போகும். போனதும் கால்களைக் கடலடிக்கு இறக்கி, அதன் மேல் தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நூறு மீட்டர் சொச்சம் ஆழம் வரைக்கும் இது சரிப்படும். அதற்கு மேல் ஆழம் போனால் கால் எட்டாது.

இரண்டாவது வகை 'டிரில் ஷிப்'. பார்க்கக் கப்பல் மாதிரியே இருக்கும். நடுவில் ஒரு பெரிய ஓட்டை, அதன் மேலே கோபுரம். எங்கு வேண்டுமானாலும் போகும். ஆனால் கப்பல் என்பதால் அலைக்கு ஆடும்.

மூன்றாவதுதான் இன்றைய ஹீரோ. 'செமி-சப்மெர்சிபிள்', அதாவது பாதி மூழ்கி நிற்கும் ரிக். அடியில் நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி பெரிய மிதவைகள். அதைப் பாண்டூன் என்பார்கள். அதிலிருந்து தடித்த தூண்கள் எழும்பும். தூண்களின் தலையில் மேடை, கோபுரம், ஹெலிபேட், தங்கும் அறைகள். வேலை செய்யும்போது பாண்டூன்களில் கடல்தண்ணீரை நிரப்பி அவற்றைக் கீழே அமிழ்த்திவிடுவார்கள். அலையின் பலம் முழுக்க மேற்பரப்பில்தான். பாண்டூன் அதற்குக் கீழே அமைதியான தண்ணீரில் கிடக்கும். மேற்பரப்பில் அலை மோதுவதற்குத் தூண்கள் மட்டும்தான் இருக்கும். அதனால் பெரிய அலையிலும் மேடை அவ்வளவாக ஆடாது. அபான் பேர்ல் இந்த வகை.

குடமும் தண்ணி லாரியும்

இப்போ கொஞ்சம் இயற்பியல். பயப்பட வேண்டாம், நம்ம தெருவுலயே உதாரணம் இருக்கு.

காலிக் குடத்தைக் கிணற்றிலோ தொட்டியிலோ விடுங்க. மிதக்கும், ஆனால் பக்கவாட்டில் சாய்ந்து உருளும். அதே குடத்தில் கால்வாசி தண்ணீர் ஊற்றி விடுங்க. நிமிர்ந்து நிற்கும். அடியில் எடை இருந்தால் மிதக்கும் பொருள் நிமிர்ந்து நிற்கும். கப்பல்களும் ரிக்குகளும் வேண்டுமென்றே உள்ளே தண்ணீர் ஏற்றிக்கொள்வது இதற்காகத்தான். அதற்குப் பெயர் பாலஸ்ட். எண்ணூர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய கப்பல் வெளியே போகும்போது கவனித்திருந்தால், அடிப்பகுதியின் சிவப்புப் பெயின்ட் தண்ணீருக்கு மேலே தெரியும். சரக்கு போன அளவுக்குக் கப்பல் மேலே எழும்பிவிட்டது. அப்படியே கடலுக்குப் போனால் குடம் மாதிரி உருளும். அதனால் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றிக்கொண்டுதான் கிளம்பும்.

அடுத்தது தண்ணி லாரி. நிரம்பிய லாரி வளைவில் திரும்பினால் தண்ணீர் பெரிதாக அசையாது. பாதி நிரம்பிய லாரி திரும்பினால் உள்ளே இருக்கிற தண்ணீர் மொத்தமும் ஒரு பக்கம் ஓடும், லாரியையும் அந்தப் பக்கம் இழுக்கும். அதனால்தான் டேங்கர் உள்ளே தடுப்புத் தகடு வைக்கிறார்கள். கடலில் மிதக்கிற எதுக்கும் இதே கதைதான். தண்ணீர் எவ்வளவு இருக்கு என்பதோடு, அது எந்த மூலையில் இருக்கு, ஓட இடம் இருக்கா என்பதும் முக்கியம்.

இதை வைத்து செமி-சப்பைப் பாருங்க. ஒரு கப்பலின் மேல் நூறு டன் எடை வைத்தால், அகலமான அதன் உடம்பு கொஞ்சம்தான் அமிழும். செமி-சப்பில் தண்ணீர்மட்டத்தில் இருப்பது சில தூண்கள் மட்டும். அதே நூறு டன்னுக்கு இது அதிகமாக அமிழும். அந்த நூறு டன் ஒரு மூலையில் சேர்ந்தால் வேகமாகச் சாயும். எந்த வடிவம் அதை அலைக்கு அசையாமல் வைக்கிறதோ, அதே வடிவம்தான் உள்ளே புகும் தண்ணீருக்கு அதைப் பலவீனமாக்குகிறது. ரிக்கின் தலையில் இருக்கும் டிரில்லிங் கோபுரம்தான் போட்டோவில் வரும். ஆனால் அதை உயிரோடு வைத்திருப்பது கீழே யாரும் பார்க்காத தொட்டிகளும் பம்புகளும் வால்வுகளும். 24 மணி நேரமும் ஒருத்தர் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து எந்தத் தொட்டியில் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

எழும்பூரிலிருந்து கரீபியன் வரை

அபான் ஆஃப்ஷோர் கம்பெனியின் பதிவு அலுவலகம் எழும்பூர் பாந்தியன் சாலையில். மியூசியம் இருக்கிற அதே ரோடு. 1986-ல் அபான் லாய்ட் சைல்ஸ் ஆஃப்ஷோர் என்ற பெயரில் தொடங்கியது. ரிக்குகளைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, எண்ணெய் நிறுவனங்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதுதான் தொழில். கிரேன் வாடகைக்கு விடுகிற மாதிரிதான், ஆனால் ஒரு நாள் வாடகையே லட்சக்கணக்கான டாலர் வரை போகும். எண்ணெய் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வாடகை வரும்.

2000-களின் நடுவில் கச்சா எண்ணெய் விலை ஏற ஏற, ரிக்குகளுக்கு உலகம் முழுக்க கிராக்கி. அபான் பெரிய ஆட்டத்தில் இறங்கியது. 2006-ல் நார்வேயின் சின்வெஸ்ட் என்ற ரிக் நிறுவனத்தைக் கடன் வாங்கிக் கையகப்படுத்தத் தொடங்கியது. அந்தக் காலத்தில் அது ஒரு இந்தியக் கம்பெனி வெளிநாட்டில் செய்த பெரிய கொள்முதல்களில் ஒன்று. சிங்கப்பூர் துணை நிறுவனம் வழியாக ரிக்குகள் பெருகின.

அபான் பேர்ல் அந்த அலையில் வந்தது. புது ரிக் கிடையாது. 1977-ல் கட்டப்பட்டது. சென்னைக் கம்பெனி வாங்குவதற்கு முன் அதன் பெயர் புல்ஃபோர்ட் டால்ஃபின். ரிக் உலகத்தில் இது சகஜம். முதலாளி மாறினால் பெயர் மாறும், பெயின்ட் மாறும். உடம்பு அதேதான். தொழிலும் இப்படித்தான் நடக்கும்: முதலாளி ஒரு நாட்டில், பதிவு இன்னொரு நாட்டில், வேலை மூன்றாவது நாட்டில், வேலையாட்கள் நாலைந்து நாடுகளிலிருந்து.

முப்பது வயது ரிக் என்றாலே ஆபத்து என்று அர்த்தம் இல்லை. பராமரித்தால் ஓடும். சாகர் சாம்ராட்டையே எடுத்துக்கோங்க. 125 கிணறுகள் தோண்டிய பிறகு, அதை எண்ணெய் உற்பத்தி செய்யும் தளமாக மாற்றி, 2022 டிசம்பரில் மறுபடி கடலில் வேலைக்கு வைத்தார்கள். ஆனால் வயது ஏற ஏற ஒவ்வொரு பைப்பும் ஒவ்வொரு வால்வும் ஒவ்வொரு வெல்டும் கேள்விக்குறிதான். பத்து வருஷப் பழைய கோட்பேஸில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓடிட்டுதான் இருக்கும். எந்த மூலையில் என்ன இருக்குன்னு தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருக்கிற வரைக்கும்.

அபான் பேர்லை வெனிசுவேலாவின் அரசு எண்ணெய் நிறுவனமான பிடிவிஎஸ்ஏ வாடகைக்கு எடுத்தது. வேலை, அந்நாட்டின் வடகிழக்கில், பாரியா தீபகற்பத்துக்கு அப்பால், டிரினிடாட் தீவுக்குப் பக்கத்தில். 'டிராகன்' என்ற இயற்கை எரிவாயு வயல். நிலத்தில் எண்ணெய் தோண்டிப் பழகிய வெனிசுவேலாவுக்குக் கடல் வாயு ஒரு பெரிய அரசியல் கனவு.

அந்த இரவு

மே 12 இரவு. ரிக்கின் நீருக்கடியில் இருக்கும் மிதவைப் பகுதிக்குள் தண்ணீர் புகத் தொடங்கியது. ரிக் ஒரு பக்கம் சாய்ந்தது. இதைச் சொன்னவர் அன்றைய வெனிசுவேலா எண்ணெய் அமைச்சர் ரஃபேல் ராமிரஸ்.

அப்போது இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியிருந்தது. முதல் வேலை, கிணற்றை மூடுவது.

செமி-சப் மிதக்கிற ரிக். கிணறு கடலடியில். இரண்டையும் இணைப்பது 'ரைசர்' என்ற நீண்ட பைப். கிணற்றின் வாயில், கடலடியிலேயே, பல அடுக்கு வால்வுகள் கொண்ட ஒரு ராட்சசக் கருவி உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் ப்ளோ-அவுட் பிரிவென்டர், சுருக்கமாக பி.ஓ.பி. சில அடுக்குகள் பைப்பைச் சுற்றி இறுக்கி மூடும். இன்னொரு அடுக்கு, பைப்பையே வெட்டி மூடும். ஆபத்து என்றால் பி.ஓ.பி.யை மூடி, அதற்கு மேலே ரைசரைக் கழற்றிவிடலாம். அதன் பிறகு ரிக்குக்கு என்ன ஆனாலும் கிணறு மூடியே இருக்கும்.

அந்த இரவு அது நடந்தது. ரைசர் கழற்றப்பட்டது, பாதுகாப்பு வால்வுகள் மூடின, வாயுக் கசிவு இல்லை என்று அரசு அறிவித்தது.

இரண்டாவது வேலை, ஆட்களை இறக்குவது. ரிக் மூழ்குவதற்கு முன்பே எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். மே 13 அதிகாலையில் அபான் பேர்ல் கடலுக்குள் போனது.

உலகத்துக்கு இந்தச் செய்தி வந்த விதம் இன்னொரு சுவாரஸ்யம். வெனிசுவேலா அதிபர் ஹியூகோ சாவேஸ் ட்விட்டரில் கணக்குத் தொடங்கி அப்போது இரண்டு வாரம்தான். ரிக் மூழ்கிவிட்டது, 95 தொழிலாளர்களும் பத்திரம் என்று அவரே ட்வீட் போட்டார். சென்னையில் கம்பெனியின் பங்கு அன்றைக்கே கடுமையாக விழுந்தது. ரிக்குக்குக் காப்பீடு இருந்தது.

தண்ணீர் புகுந்த மற்ற ரிக்குகள்

95 பேர் பிழைச்சாங்கன்னு சொன்னா, "சரி, நல்லது"ன்னு கடந்து போயிடுவோம். அதனால மத்த மூணு பெயரையும் கேளுங்க.

அலெக்சாண்டர் கீலண்ட். 1980 மார்ச் 27, வட கடல், நார்வே. ஐந்து தூண்கள் கொண்ட செமி-சப். தொழிலாளர்கள் தங்கும் இடமாகப் பயன்பட்டது. தூண்களை இணைக்கும் குறுக்குக் குழாய் ஒன்றில், ஒரு ஒலிக்கருவியைப் பொருத்துவதற்காகச் செய்த சின்ன வெல்டிங்கில் விரிசல் தொடங்கியிருந்தது. அலைமேல் அலை அடித்து விரிசல் வளர்ந்தது. அந்த மாலை குழாய் உடைந்தது. மற்ற குழாய்கள் சுமை தாங்காமல் அறுந்து, ஒரு தூணே கழன்று போனது. சுமார் இருபது நிமிடத்தில் ரிக் கவிழ்ந்தது. 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். வெல்டர்கள் இதைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, இன்னொரு தடவை கேளுங்க. ரிக்கின் பிரதான மூட்டு எதுவும் முதலில் உடையவில்லை. யாரும் முக்கியம்னு நினைக்காத ஒரு துணைக்கருவியின் வெல்டில்தான் தொடங்கியது.

ஓஷன் ரேஞ்சர். 1982 பிப்ரவரி 15, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால். இதைத்தான் மென்பொருள்காரங்க எல்லாரும் படிக்கணும்னு நான் சொல்வேன். கடும் புயல். பாலஸ்ட் கன்ட்ரோல் ரூம் ஒரு தூணுக்குள் இருந்தது, அதில் ஒரு கண்ணாடி ஜன்னல். அலை அடித்து ஜன்னல் உடைந்தது. உப்புத்தண்ணீர் கன்ட்ரோல் பேனலில் கொட்டியது. பேனல் பைத்தியம் பிடித்த மாதிரி நடக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் நிலைமை கட்டுக்குள் இருந்தது. பிறகு பேனலுக்கு மறுபடி மின்சாரம் கொடுக்கப்பட்டது, வால்வுகள் திறந்தன, ரிக் முன்பக்கமாகச் சாய்ந்தது. வால்வுகளைக் கையால் இயக்க முயன்றார்கள். மூடுகிறோம் என்று நினைத்துத் திறந்திருக்கிறார்கள். சாய்வு அதிகமாகி, நங்கூரச் சங்கிலி இருக்கும் அறைகளின் திறப்புகள் வழியாகத் தண்ணீர் உள்ளே கொட்டியது.

84 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. ரிக்கை விட்டு இறங்கியவர்களையும் குளிர்ந்த கடல் விடவில்லை. ஒரு லைஃப்போட் உதவிக் கப்பலின் பக்கத்திலேயே வந்து கவிழ்ந்தது.

விசாரணைக் கமிஷன் சொன்னது இதுதான்: அந்த ரிக் மூழ்கியே ஆகவேண்டிய கட்டாயம் இல்லை. ஜன்னலின் இரும்பு மூடியை மூடியிருந்தால் போதும். இல்லையென்றால், பேனலுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்திருந்தாலே போதும். மின்சாரம் போனால் வால்வுகள் தானாக மூடிக்கொள்ளும்படிதான் வடிவமைப்பு இருந்தது. பாலஸ்ட் ஆபரேட்டர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க முறையான பயிற்சியும் இல்லை, உருப்படியான கையேடும் இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆன்-காலில் எழுந்து, என்ன உடைஞ்சிருக்குன்னு புரியாமலே ப்ரொடக்‌ஷன்ல கை வைக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. நமக்கு அதுல போறது ஒரு நாள் சேல்ஸ். அவங்களுக்குப் போனது 84 உயிர்.

பி-36. 2001 மார்ச், பிரேசில். அப்போது உலகின் மிகப் பெரிய மிதக்கும் உற்பத்தித் தளம். ஒரு தூணுக்குள் இருந்த வடிகால் தொட்டி வெடித்தது. தீயணைக்கப் போனவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். மற்றவர்களை இறக்கிவிட்டார்கள். தூணுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. ஐந்து நாள் போராடியும் காப்பாற்ற முடியாமல் தளம் மூழ்கியது.

மூன்றிலும் தொடக்கம் வேறு: ஒரு வெல்ட், ஒரு ஜன்னல், ஒரு தொட்டி. முடிவு ஒரே மாதிரி. இருக்கக்கூடாத மூலையில் தண்ணீர்.

23 நாள் முன்னாடி

அபான் பேர்ல் மூழ்கியபோது உலகமே பதறியதற்கு ஒரு காரணம் இருந்தது. சரியாக 23 நாள் முன்பு, 2010 ஏப்ரல் 20 அன்று, அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்தது. அதுவும் செமி-சப்தான். அபான் பேர்லைவிட மிகப் புதியது, மிக நவீனமானது. 126 பேரில் 11 பேர் இறந்தார்கள். இரண்டு நாளில் ரிக் மூழ்கியது. அங்கே பி.ஓ.பி. கிணற்றை மூடவில்லை. 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அங்கே பிரச்சினை கிணற்றிலிருந்து மேலே வந்தது. பைப் வழியாக ஏறிய வாயு நொடிகளில் தீப்பிடித்தது. இங்கே பிரச்சினை மிதவையில் தொடங்கியது. கிணறு கட்டுப்பாட்டில் இருந்தது, ஆட்களை இறக்க நேரம் கிடைத்தது. அதனால் 'இவங்க சமர்த்து, அவங்க மோசம்'னு தீர்ப்பு எழுத நான் வரல. ஆனா கிடைச்ச நேரத்தை வெச்சு என்ன பண்ணாங்கங்கிறது முக்கியம். ஓஷன் ரேஞ்சரிலும் ஜன்னல் உடைந்ததற்கும் கவிழ்ந்ததற்கும் நடுவே பல மணி நேரம் இருந்தது. அபான் பேர்லில் அந்த நேரத்தில் கிணற்றை மூடி, ரைசரைக் கழற்றி, ஆட்களை இறக்கினார்கள். முப்பது வருஷத்துக்கும் மேல் உழைத்த, பல கோடி டாலர் பெறுமான ஒரு ரிக்கை விட்டு இறங்குவது சுலபமான முடிவு இல்லை. "இன்னும் கொஞ்சம் பம்ப் பண்ணிப் பார்க்கலாம்"னு மனசு சொல்லும்.

அதன் பிறகு கம்பெனிக்கு நல்ல காலம் நீடிக்கவில்லை. 2014-ல் நூறு டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் முப்பது டாலருக்குக் கீழே போனது. வாடகைக்கு ஆள் இல்லாமல் உலகம் முழுக்க ரிக்குகள் சும்மா நின்றன. கடன் வாங்கி வளர்ந்த அபான் அதில் பலமாக அடிபட்டது. 2008 தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் விற்ற அதன் பங்கு, 2020-களில் நூறு ரூபாய்க்கும் கீழே. டிராகன் வயலின் வாயுவும் உடனே வெளியே வரவில்லை. 2023 டிசம்பரில்தான் அதை எடுக்க ஷெல் நிறுவனத்துக்கும் டிரினிடாட் அரசு வாயு நிறுவனத்துக்கும் வெனிசுவேலா உரிமம் கொடுத்தது. பணக் கணக்கில் இது தோல்விக் கதைதான். ஆனால் 95 பேர் வீட்டுக்குப் போனார்கள்.

நம்ம கடல்

"அதெல்லாம் வெளிநாடு ப்ரோ"ன்னு சொல்றவங்களுக்கு 2021 மே மாதத்தை ஞாபகப்படுத்துறேன். டவ்தே புயல். மும்பைக்கு அப்பால் ஓஎன்ஜிசி வயலில் பி-305 என்ற பார்ஜில் 261 பேர் இருந்தார்கள். அது ரிக் இல்லை. தொழிலாளர்கள் தங்கும் மிதவை. புயல் எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. பார்ஜ் கரைக்குத் திரும்பவில்லை. நங்கூரங்கள் அறுந்து, அடித்துச் செல்லப்பட்டு, ஒரு தளத்தில் மோதி, தண்ணீர் புகுந்து மே 17 அன்று மூழ்கியது. 186 பேரைத்தான் உயிரோடு மீட்க முடிந்தது. ரப்பர் மிதவைப் படகுகள் பல ஓட்டையாக இருந்தன என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

அதே புயலில் ஓஎன்ஜிசியின் சாகர் பூஷண் என்ற டிரில் ஷிப்பும் நங்கூரம் அறுந்து அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த 101 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். இந்தப் பெயரை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கலாம். 2018 பிப்ரவரி 13 அன்று, கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் பழுதுபார்ப்புக்கு நின்றபோது, பாலஸ்ட் தொட்டிப் பகுதியில் வாயு சேர்ந்து வெடித்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தது இதே கப்பலில்தான். கடலில் புயலைத் தாங்கிய கப்பலில், கரையில், தண்ணீரே இல்லாத டாக்கில் சாவு நடந்திருக்கு. ரிக் வேலைன்னா நடுக்கடல் மட்டும் இல்ல. ரிப்பேர் யார்டில் கட்டிங் டார்ச் பிடிக்கிறதும் அதே வேலைதான்.

ஏறுறதுக்கு முன்னாடி

ஆஃப்ஷோர் போகப் போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்.

ஹெலிகாப்டர்ல இருந்து இறங்கினதும் கேன்டீன் எங்கேன்னு கேக்குறதுக்கு முன்னாடி, உங்க மஸ்டர் ஸ்டேஷன் எங்கே, உங்க லைஃப்போட் நம்பர் என்னன்னு கேளுங்க. படுக்கிற அறையில இருந்து அங்கே கண்ணை மூடிக்கிட்டு நடந்து போகத் தெரியணும். கரன்ட் போய், தரை சாய்ஞ்சு, ராத்திரியில போக வேண்டியிருக்கும். ரிக்கை விட்டு இறங்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, அவர் இல்லைன்னா அடுத்து யாருன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. டிரில் அலாரம் அடிக்கும்போது "சும்மா பயிற்சிதானே"ன்னு படுத்துடாதீங்க.

போசியட் மாதிரியான அடிப்படைக் கடல் பாதுகாப்புப் பயிற்சியில, கவிழ்ந்த ஹெலிகாப்டர்ல இருந்து தண்ணிக்கு அடியில வெளியே வரச் சொல்லித் தருவாங்க. ஏஜென்ட் "காசு கொடுத்தா சர்ட்டிபிகேட் வந்துடும், நீ போக வேண்டாம்"னு சொன்னா, அந்த ஏஜென்ட்டை விட்டுடுங்க. அந்தக் காகிதம் மிதக்காது.

வெல்டர், ஃபிட்டர் வேலைக்குப் போறவங்க, மூடிய தொட்டிக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி வாயு அளந்தாச்சா, எப்போ அளந்தாங்கன்னு கேளுங்க. நேத்து அளந்தது இன்னிக்குச் செல்லாது. சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

வீட்டுல இருக்கிறவங்களும் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. கம்பெனி பெயர், ரிக் பெயர், அது எந்த நாட்டுக் கடல்ல நிக்குது, அவசரத்துக்கு எந்த நம்பர். இந்த நாலும் ஒரு நோட்டுல எழுதி இருக்கணும். "ஏஜென்ட்கிட்ட இருக்கு"ங்கிறது பதில் இல்ல.

ஆஃப்ஷோர்ல வேலை பார்த்த, பார்க்கிற நண்பர்கள் இதைக் கேட்டுட்டு இருந்தீங்கன்னா, உங்க ரிக்ல பாலஸ்ட் கன்ட்ரோல் ரூம் எப்படி இருக்கும், டிரில் எவ்வளவு சீரியஸா நடக்கும்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. கம்பெனி பெயர் சொல்ல வேண்டாம். அடுத்த எபிசோட்ல சேர்த்துப் போடுறோம்.